பழைய காரின் தகரமும் கொழும்புக் காற்றும்: பிரைமர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பெயின்டுக்கு முந்திய வேலை, முக்கியமாகப் பிரைமர் என்ற அடிப்பூச்சு பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. நிறம் பற்றி யாரும் கேட்காதது எனக்குச் சந்தோஷம். அடித்தளம் சரியில்லாவிட்டால் எந்த நிறமும் நிற்காது.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணே, மொரிஸ் மைனர் பொனட்டை இரும்பு தெரிய உரித்துவிட்டு, நாளைக்குப் பிரைமர் அடிப்போம் என்று விட்டேன். காலையில் பார்த்தால் மேலெல்லாம் மஞ்சள் படலம். மழைகூடப் பெய்யவில்லையே?

மழை தேவையில்லை தம்பி. கடற்காற்றில் வரும் உப்பு தகரத்தில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். விடியப்புறம் தகரம் காற்றைவிடக் குளிர்ந்தால் அதன்மேல் பனிநீரும் இறங்கும். கறள் பிடிக்க அந்த ஓர் இரவு போதும். இப்போது நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உடனே துடைத்துக் காயவிடுங்கள். பிறகு 80ஆம் நம்பர் சேன்ட் பேப்பரால் மஞ்சள் போகும்வரை தேயுங்கள். பள்ளங்களில் கரும்புள்ளி மிஞ்சினால் அதுவும் கறள்தான், விடாதீர்கள். அப்புறம் எண்ணெய் நீக்கும் திரவம். இதற்கு இரண்டு துணி வேண்டும்: ஒன்றால் நனைத்துப் பூசி, அது காயும் முன்பே மற்றதால் துடைத்தெடுக்க வேண்டும். காய விட்டால் எண்ணெய் அங்கேயே திரும்பப் படியும். மண்ணெண்ணெய், பெற்றோல் வேண்டவே வேண்டாம். வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் வியர்வை பட்ட இடத்தில் ரேகையோடு கறள் வரும். அன்றைக்கே ஈரம் புகவிடாத எபொக்சி பிரைமர் அடியுங்கள். ஒரு பகலில் முடிக்கக்கூடிய அளவை மட்டும் உரிப்பதுதான் கடலோரத்தில் ஒரே வழி.

தெஹிவளையிலிருந்து: கறளுக்கான அமில மருந்தைப் பூசிவிட்டு, அதற்கு மேலேயே எபொக்சி அடிக்கலாம் என்கிறார் கராஜ் பாஸ். சரியா?

பொஸ்பரிக் அமில மருந்தென்றால் அப்படியே அடிக்கக் கூடாது. மிஞ்சிய அமிலம் எபொக்சியை ஒட்டவிடாது; சில மாதத்தில் தோல்போல உரியும். டப்பாவில் சொன்னபடி கழுவி, முழுக்கக் காயவைத்து, லேசாகத் தேய்த்த பிறகே பிரைமர். முதலில் கம்பித் தூரிகையால் கறளை எடுத்துவிட்டால் மருந்துக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பள்ளம் நிரப்பும் புட்டியைப் போடுவது வெறும் தகரத்திலா, பிரைமருக்கு மேலா?

இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். நம் ஊர் ஈரத்துக்கு எபொக்சிக்கு மேலே போடுவதுதான் நல்லது என்பேன். புட்டி தண்ணீரை உறிஞ்சும். அதற்கும் தகரத்துக்கும் நடுவே எபொக்சி இருந்தால் ஈரம் இரும்பைத் தொடாது. எபொக்சி இறுகியதும் 80ஆல் கீறிவிட்டுப் போடுங்கள். புட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமருக்கு மேலே புட்டி போடவே கூடாது.

மருதானையிலிருந்து: பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய மட்கார்ட் கிடைத்தது. பல அடுக்குப் பெயின்ட். காற்றழுத்தத்தால் மணல் அடித்து எடுக்கலாமா?

மட்கார்ட் வளைவானது. குறைந்த அழுத்தத்தில், பழகிய கை செய்தால் தாங்கும். பொனட், கூரை மாதிரி தட்டையான தகரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். மணல் அடிபட்டு மேல்தோல் விரிந்து தகரம் அலையலையாகிவிடும். பிறகு அதை நேராக்குவது பெரும்பாடு. இன்னொன்று: அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், மூட்டுகளை நிரப்பியதும் ஈயமாக இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கிராண்ட்பாஸிலிருந்து: பெயின்டுக்குக் காசு சேரும்வரை சாம்பல் பிரைமரோடு ஓட்டலாமா?

ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவம் கலந்து அடிக்கும் தடிப்பான டூ-கே பிரைமர் என்றால் ஓட்டாதீர்கள். அது நுண்துளை உள்ளது, மழைநீர் உள்ளே போகும். ஒரு மழைக்காலம் போதும், கீழே கறள். எபொக்சி தாங்கும், ஆனால் வெயிலில் மாவாகும், நிறம் அடிக்கும் முன் தேய்க்க வேண்டிவரும். அடித்த பிறகு எத்தனை மணிக்குள் அடுத்த பூச்சு என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். டப்பாத் தாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: வீட்டு முற்றத்தில் டூ-கே அடிக்கிறேன். சாதாரண முகமூடி போதுமா?

போதாது. ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சு இரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். கடதாசி முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும், கண்ணையும் தோலையும் மூட வேண்டும். அது இல்லையென்றால் அடிக்கும் வேலையை மட்டும் பெயின்ட் பூத் (பெயின்ட் அடிப்பதற்கான மூடிய அறை) உள்ள இடத்தில் கொடுங்கள். தேய்ப்பதும் துடைப்பதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: பிரைமரில் மீன்கண் மாதிரிக் குழிகள்?

பழைய பொலிஷில் இருந்த சிலிக்கோன், அல்லது பெயின்ட் துப்பக் காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசரிலிருந்து வரும் எண்ணெய். கொம்பிரசர் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுங்கள், குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி பூட்டுங்கள். குழி விழுந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் நீக்கிவிட்டுத் திரும்ப அடியுங்கள்.