ஒரே மடிக்கணினியில் ஹடூப் நிறுவிக் கற்பது வீண் வேலையா?

பெரிய தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்து அலசும் மென்பொருள் ஹடூப். உங்களிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள ஒரே மடிக்கணினி என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். படிப்பு முடிந்து வேலை தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒருவர் "நாலு மெஷின் இல்லாம பிக் டேட்டா படிச்சு இன்னா பிரயோஜனம்?" என்று கேட்டிருப்பார்.

என்னையும் கேட்டார்கள். 2018-ல் சென்னையில் ஒரு நேர்முகத் தேர்வு. "எத்தனை நோட் கிளஸ்டர்ல வேலை பார்த்திருக்கீங்க?" "ஒண்ணு சார்." (நோட் என்றால் ஒரு கணினி, கிளஸ்டர் என்றால் சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம்.) கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும்வரை அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

வீண் வேலை இல்லை. ஹடூப்பில் போலிப் பகிர்வு முறை என்று ஒன்று உண்டு. எந்தத் தரவு எங்கே என்று கணக்கு வைக்கும் நேம்நோட், தரவைச் சேமிக்கும் டேட்டாநோட், வேலைகளுக்கு வளங்களைப் பங்கிடும் ரிசோர்ஸ் மேனேஜர், ஒவ்வொரு கணினியிலும் அந்த வேலைகளைக் கவனிக்கும் நோட் மேனேஜர் எல்லாம் ஒரே கணினியில், ஆனால் தனித்தனி ஜாவா செயலிகளாக ஓடும். பெரிய கிளஸ்டரில் பேசிக்கொள்வது போலவே இங்கும் போர்ட் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். கற்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான். வேகம் வரும் என்று நான் சொல்லவில்லை. ஒரே கணினி என்றால் சாதாரண பைத்தான் நிரல் அதே வேலையைச் சீக்கிரமாக முடித்துவிடும். "இப்போ எல்லாம் ஸ்பார்க்தான்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: ஹடூப்புக்குப் பின் வந்த வேகமான கருவி ஸ்பார்க். அந்த வேலையிலும் பல இடங்களில் ஹடூப்பின் கோப்பு அமைப்பான ஹெச்டிஎஃப்எஸ்ஸும் வளங்களைப் பங்கிடும் யார்னும் எதிரே வந்து நிற்கும்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அப்போது காட்பாடியில் வாடகை அறை. கையில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி, அதில் உபுண்டு. ஜாவா 8 போட்டு, கணினிக்குள் பாஸ்வேர்டு கேட்காமல் நுழைய எஸ்எஸ்ஹெச் அமைத்து, ரெப்ளிகேஷனை (தரவின் நகல் எண்ணிக்கையை) 3-லிருந்து 1 ஆக்குவது வரை ஒரே நாளில் முடிந்தது. பயிற்சி மையத்தில் பணம் கட்டி வாங்கிய குறிப்பில், நேம்நோடின் நிலையைக் காட்டும் பக்கத்துக்கு பிரவுசரில் 50070 போர்ட்டைத் திறக்கச் சொல்லியிருந்தது. பக்கம் வரவே இல்லை. ஹடூப் 3-ல் அது 9870 ஆகிவிட்டது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது.

அப்புறம் ஒரு நாள் கரண்ட் போய் மெஷின் அணைந்தது. திரும்பப் போட்டால் நேம்நோட் எழவில்லை. நாம் வேறு இடம் சொல்லாமல் விட்டால் ஹடூப் தன் தரவை டெம்ப் என்ற தற்காலிக அடைவில்தான் வைக்கும். மெஷின் மறுபடி தொடங்கும்போது உபுண்டு அதைத் துடைத்துவிடும். பதறிப்போய் நேம்நோடை மறுபடி ஃபார்மட் செய்தேன். இப்போது டேட்டாநோட் எழவில்லை. அதன் அடைவை மட்டும் முன்பே என் ஹோம் அடைவுக்கு மாற்றி வைத்திருந்தேன். அதில் இருந்தது பழைய கிளஸ்டர் ஐடி, மறுபடி ஃபார்மட் செய்ததால் நேம்நோடிடம் இருந்தது புதியது, இரண்டும் பொருந்தவில்லை. நடந்ததை எல்லாம் பதியும் லாக் கோப்பை வரிவரியாகப் படித்து இது புரிந்தபோது இரவு இரண்டு மணி. எந்த வகுப்பிலும் இதை எனக்குச் சொல்லித் தரவில்லை.

இரவில் மெஷின் ஓடியது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. "ராத்திரி முழுக்க இன்னாபா ஓடுது?" என்று வீட்டு ஓனர் கேட்பார். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று கணக்குப் போட்டு வாங்கினார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்று அரசு அப்போது தந்தது. வாடகைக்கு இருப்பவனுக்கு அதில் ஒரு யூனிட்கூட வந்து சேரவில்லை. கேட்டால் "வேற வீடு பாத்துக்கோ". இதைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சிக்குத் தமிழ்த் தரவு எடுங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் இலவசமாகத் தரும் மின்னூல்களிலிருந்து உரைகளைச் சேர்த்து 6 எம்பி கோப்பு ஒன்று செய்தேன். சொற்களை எண்ண ஓட்டினால் தரவின் ஒரு பங்கைப் படிக்கும் பணிக்கு மேப் என்று பெயர், அது ஒன்றே ஒன்றுதான் ஓடியது. ஹடூப் கோப்பை பிளாக் என்ற துண்டுகளாக வெட்டும். பிளாக் அளவு 128 எம்பி, கோப்பு அதற்குள் அடங்கிவிட்டது. பிளாக்கை 1 எம்பி ஆக்கி ஏற்றினேன், ஆறு மேப் வந்தது. அடுத்த சிக்கல், 'வேலூர்' வ, ல, ர என்று மூன்று துண்டாக எண்ணப்பட்டிருந்தது. கொம்பும் சுழியும் புள்ளியும் யூனிகோடில் தனிக் குறிகள். சொற்களைப் பிரிக்க நான் பயன்படுத்திய பைத்தான் ரெகெக்ஸ் (வடிவம் சொல்லித் தேடும் வசதி) அவற்றைச் சொல்லின் பகுதியாக எடுப்பதில்லை. வெற்றிடத்தில் மட்டும் பிரித்ததும் சரியானது.

அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. பிளாக் பைட் கணக்கில் வெட்டுகிறது, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். எழுத்தின் நடுவிலேயே வெட்டினால்? தேடிப் பார்த்தேன். ஒரு மேப் தன் பிளாக் முடிந்தாலும் அந்த வரி முடியும்வரை அடுத்த பிளாக்கிலிருந்து படித்துக்கொள்ளும். அடுத்த மேப் தன் பங்கின் முதல் அரை வரியை விட்டுவிட்டுத் தொடங்கும்.

அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு நேர்முகத் தேர்வில் இதையே கேட்டார்கள். கரும்பலகையில் 'வேலூர்' என்று எழுதி, நடுவில் கோடு போட்டு விளக்கினேன். எத்தனை நோட் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

உங்கள் 8 ஜிபி மெஷினில் யார்ன் 8192 எம்பி முழுவதும் தனக்கே என்று எடுத்துக்கொள்ளும், அதை முதலில் 4096 ஆக்குங்கள். தரவு அடைவுகள் எல்லாவற்றையும் ஹோமுக்கு மாற்றுங்கள். எல்லாம் ஓடியதும் டேட்டாநோடை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு 9870 பக்கத்தைப் பாருங்கள். அது செத்துவிட்டது என்று நேம்நோட் ஒப்புக்கொள்ளப் பத்தரை நிமிடம் ஆகும், பயப்படாதீர்கள். வேறெங்காவது நின்றுவிட்டால் லாக்கின் கடைசி இருபது வரியைக் கீழே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.