‘ஜீன் ஊசி’ வரும்வரை பட்டியைக் காக்க வைக்கலாமா?

வெல்லாவெளிப் பக்கத்துப் பட்டிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மாடும் எருமையுமாக எண்பது உருப்படி. போன முறை கால்வாய் நோய்க்கு ஊசி போட்ட பிறகும் பத்துப் பன்னிரண்டு மாட்டுக்கு வாயில் புண் வந்துவிட்டது. மகன் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, ஜீன் ஊசி வரப்போகிறது, பொறுத்துப் போடுவோம் என்கிறான். தயிர் எடுக்கிற முதலாளியோ, அந்த ஊசி போட்டால் மாட்டின் ஜீனே மாறிவிடும், தயிர் எடுக்க மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி, டொக்டர்?”

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. பொறுக்க வேண்டாம், இப்போது கிடைக்கும் ஊசியை மாரிக்கு முன் போடுங்கள். மாட்டின் ஜீன் மாறும் என்பதும் தவறு.

முதலில் முதலாளியின் பயத்தைப் பார்ப்போம். கால்வாய் நோய்க்கு, அதாவது காலிலும் வாயிலும் புண் போடும் வைரஸ் நோய்க்கு, இப்போது தருவது கொல்லப்பட்ட வைரஸ். அதைக் கண்டதும் மாட்டின் உடல் நோயை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். ஜீன் ஊசியில் அந்த நோய் வைரஸே இருக்காது. வைரஸின் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு மட்டும் போகும். அந்தப் புரதத்தை மாட்டின் கலங்களே கொஞ்ச நேரம் செய்யும், உடல் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். குறிப்பு போகும் வழி பலவிதம்: டி.என்.ஏ.யாக, கொழுப்புத் துளிக்குள் வைத்த எம்.ஆர்.என்.ஏ.யாக, அல்லது தீங்கு செய்யாத வேறொரு வைரஸின் முதுகில் ஏற்றி.

மாட்டின் ஜீன் இருக்கும் கலக்கருவுக்குள் எம்.ஆர்.என்.ஏ. போவதில்லை. வெளியே நின்று வேலையைச் செய்துவிட்டுச் சில நாளில் சிதைந்துவிடும். நாள் கூலிக்கு வந்த ஆள் வேலை முடிந்ததும் போய்விடுவார், வளவில் பாதியைத் தன் பேருக்கு உறுதி எழுதித் தரச்சொல்லிக் கேட்க மாட்டார். பாலைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். கொரோனா ஊசி போட்ட தாய்மார் சிலரின் பாலில், முதல் இரண்டு நாளுக்குள், மிகச் சிறிய அளவில் அதன் துணுக்குகள் கண்டுபிடிக்கப்பட்டன. எந்தப் பாலிலும் அந்த மாட்டின் சொந்த ஆர்.என்.ஏ. ஏற்கெனவே நிறைய இருக்கிறது. நாம் தினமும் குடித்துச் செரிக்கிறோம். தயிருக்குப் பால் காய்ச்சியாகிறது, மிச்சத்தை வயிறு பார்த்துக்கொள்ளும்.

முதலாளி குழப்பிக்கொண்டது வேறொன்றோடு என்று நினைக்கிறேன். ஜீனையே திருத்திப் பிறக்க வைத்த விலங்குகளும் உண்டு. பன்றிகளின் சுவாச நோய் ஒன்று தொற்றாதபடி ஜீன் திருத்திய பன்றிக்கு அமெரிக்கா 2025இல் அனுமதி கொடுத்தது. வைரஸ் வயிற்றுப்போக்கு நோயைத் தாங்கும்படி திருத்திய ஒரு கன்றும் அங்கே 2021இல் பிறந்தது. அங்கே மாற்றம் கருவிலேயே நடக்கிறது, குட்டிக்கும் போகும். தோளில் போடும் ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி மகனுக்கு. ஜீன் ஊசி ‘வரப்போகிற’ சாமான் அல்ல, கால்நடைக்கு அது வந்து இருபது வருடம் ஆகிறது. குதிரைக்கு மேற்கு நைல் வைரஸுக்கு எதிரான டி.என்.ஏ. ஊசி 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே வருடம் கனடாவில் வளர்ப்பு சால்மன் மீனுக்கும் ஒன்று வந்தது. கோழிக்குஞ்சு பொரிப்பகங்களில் வான்கோழியின் ஹெர்பீஸ் வைரஸ் மேல் கம்போரோ நோயின் ஜீனை ஏற்றி, முட்டைக்குள்ளேயே ஊசி போடுவது உலகில் பல இடங்களில் அன்றாட வேலை. கால்வாய் நோய்க்கும் அடினோ வைரஸ் மேல் ஏற்றிய ஊசிக்கு அமெரிக்கா 2012இல் நிபந்தனையுடன் அனுமதி கொடுத்தது. எம்.ஆர்.என்.ஏ. முறையில் கால்வாய் நோய்க்கும் தோல் கழலை நோய்க்கும் ஊசி செய்ய ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் அரசு 2022இல் பணம் போட்டது.

பெரிய நாடுகள் இதன் பின்னால் ஓடக் காரணம் உண்டு. பழைய முறையில் ஊசி செய்ய, தொழிற்சாலையில் உயிருள்ள கால்வாய் நோய் வைரஸைப் பெருமளவில் வளர்க்க வேண்டும். 2007இல் இங்கிலாந்தில் இந்த வைரஸை வைத்து ஆராய்ச்சியும் ஊசித் தயாரிப்பும் நடந்த பிர்பிரைட் வளாகத்தின் கழிவுக் குழாயிலிருந்து அது கசிந்து பக்கத்துப் பண்ணை மாடுகளுக்கே நோய் கொடுத்தது. நோய் இல்லாத நாட்டுக்கு அது பெரிய தலையிடி. நோய் வந்து வந்து போகிற நமக்குத் தலையிடி வேறு: மருந்து கெடாமல் பட்டிவரை போய்ச் சேர வேண்டும்.

மாட்டுக் கொள்ளை நோய், அதாவது ரிண்டர்பெஸ்ட், 1987இல் இலங்கைக்குள் மறுபடி நுழைந்தது. இந்தியாவிலிருந்து உயிரோடு கொண்டுவந்த ஆடுகளோடு வந்ததாகவே ஆய்வுகள் காட்டின. வடக்கு கிழக்கில் பரவி 1994 வரை நீடித்தது, வயதான பட்டிக்காரரைக் கேட்டால் சொல்வார்கள். சரியாக அந்தக் காலத்தில், 1988இல், அதற்கு ஜீன் ஊசி செய்து மாட்டில் வெற்றி கண்டார் திலாஹுன் யில்மா என்ற விஞ்ஞானி. ஆனால் 2011இல் உலகத்தை விட்டே அந்த நோயைத் துரத்தியது அவருடைய ஊசி அல்ல. வால்டர் பிளவ்ரைட் என்ற மிருக வைத்திய விஞ்ஞானி கென்யாவில் 1960களில் செய்த பழைய ஊசியை, பிரிட்ஜ் இல்லாமலும் சில வாரம் தாங்கும்படி பிறகு திருத்தினார்கள். ஆபிரிக்காவில் எட்டாத மேய்ச்சல் தரைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஊசிதான். நம் மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைகள் வரை நடந்து போய் ஊசி போட்டவர்களுக்கு இது விளங்கும். எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளில் பலவற்றுக்கு இப்போதைய ஊசியைவிடக் கடும் குளிர் வேண்டும்.

அப்படியானால் உங்கள் பட்டியில் ஊசி போட்டும் ஏன் புண் வந்தது? பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஊசி போட்ட அன்றே நோய் உள்ளே இருந்திருக்கலாம். வைரஸ் புகுந்து 2 முதல் 14 நாளில்தான் புண் தெரியும், ஊசி பலன் தர ஒன்று இரண்டு கிழமை செல்லும். பக்கத்துப் பட்டியில் நோய் என்று கேள்விப்பட்ட பிறகு ஓடிப்போய்ப் போட்டால் அநேகமாக இதுதான் நடக்கும். அல்லது முதல்தரம் போட்ட மாட்டுக்கு 3, 4 கிழமை கழித்து இரண்டாவது ஊசி போடப்படவில்லை. முதல் ஊசி உடலுக்கு அறிமுகம் மட்டுமே, இரண்டாவதில்தான் நிர்ப்பீடனம், அதாவது நோயைத் தடுக்கும் சக்தி, நிலைக்கும். அதுவும் ஆறு மாதத்துக்கு மேல் நம்பக்கூடாது.

மூன்றாவது, குளிர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி மருந்து 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்று பலருக்குத் தெரியாது. ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டிமேல் போத்தலை நேரே வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறார்கள். போத்தலைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வையுங்கள். எண்ணெய் கலந்த மருந்து பாலைப்போல ஒரே சீராக இருக்க வேண்டும். எண்ணெய் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து, மெல்லக் குலுக்கியும் கலக்காவிட்டால் அந்தப் போத்தலைப் போடாமல் மிருக வைத்திய அலுவலகத்தில் திருப்பிக் கொடுங்கள். தோல் கழலைக்குப் போடும் உயிருள்ள ஊசிக்கு இன்னொரு எச்சரிக்கை: ஸ்பிரிட்டில் கழுவிய சிறிஞ்சில் அதை இழுத்தால் மருந்து வைரஸ் அங்கேயே செத்துவிடும். கொதிநீரில் அவித்து ஆறவிட்ட சிறிஞ்ச்தான் வேண்டும். கரைத்த மருந்தை நிழலில் வைத்து, போத்தலில் சொன்ன நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரே ஊசியால் எண்பது மாட்டுக்கும் குத்துவது நோயை நாமே காவுவதாகும்.

பிறகு கன்று. மாட்டின் நச்சுக்கொடி வழியாகப் பிறபொருளெதிரி கன்றுக்குப் போகாது. கன்று வெறும் கையோடுதான் பிறக்கிறது. கன்று ஈன்றதும் சுரக்கும் கடும்புப்பாலில் வருவதே அதன் முதல் காப்பு. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் ஊட்ட வேண்டும், ஒரு நாள் போனால் குடல் அதை உள்ளே விடாது. நாட்டு மாட்டுக் கன்று 18, 20 கிலோ என்றால் முதல் அரை நாளில் இரண்டு லீற்றர் குடிக்கட்டும். கடும்பை வீட்டுக்குக் கறந்தெடுக்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தாயிடமிருந்து வந்த காப்பு இருக்கும்போது கன்றுக்கு ஊசி போட்டால் அது ஊசியையும் அழித்துவிடும். அதனால் ஊசி போட்ட தாயின் கன்றுக்கு நான்கு மாதம் அளவில் தொடங்குவது நல்லது.

எருமை வைத்திருப்பதால் தொண்டை அடைப்பானையும் கேட்காமலே சொல்கிறேன். காய்ச்சலோடு தொண்டை வீங்கி, எச்சில் ஒழுகி, ஒரே நாளில் விழுந்துவிடும். மருந்து கொடுக்கவே நேரம் கிடைக்காத நோய் இது, மாரி மழையில்தான் எழும்பும். கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் டி அல்விஸ் என்ற ஆய்வாளர் செய்த ஆய்வுகள், தப்பிய எருமையின் தொண்டைச் சதையில் கிருமி ஒளிந்திருப்பதைக் காட்டின. அதனால்தான் நோய் ஓய்ந்த பட்டியிலும் அடுத்த மாரிக்கு மறுபடி வருகிறது. எண்ணெய் கலந்த ஊசி ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும், அதற்கு ஜீன் எதுவும் தேவையில்லை.

பெரும்போக விதைப்புக்காக மாடுகளை வயல் வட்டையிலிருந்து காட்டுப் பக்கம் சாய்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே அலுவலகத்துக்குப் போங்கள். உருப்படிக் கணக்கை மாடு, எருமை, நான்கு மாதம் தாண்டிய கன்று என்று பிரித்து எழுதிக்கொண்டு போனால் மருந்து எடுத்துத் தர அவர்களுக்கும் லேசு. இரண்டாவது ஊசிக்கான திகதியை அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், மாடு காட்டுக்குள் போன பிறகு பிடிப்பது பெரும் பாடு. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையலாம், முதலாளியிடம் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.