மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைக்கலாமா?

தாளவாடிப் பக்கம் காட்டோரமாக மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தாத்தா காலத்தில் தை மாதம் காய்ந்த புல்லைக் கொளுத்துவார்கள். கோடை மழை விழுந்ததும் பசும்புல் வரும். இப்போது பாதி நிலம் உண்ணிச்செடி (லந்தானா புதர்). நானும் தீ வைக்கலாமா?"

இப்போது வைக்காதீர்கள். ஆனால் தாத்தா விவரம் தெரிந்துதான் செய்தார். புல்லின் குருத்து தூருக்குள், மண்ணை ஒட்டி இருக்கிறது. தீ மேலே காய்ந்த தாளை மட்டும் தின்றுவிட்டுப் போகும், தூருக்கு வெளிச்சம் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் 1954 முதல் சில துண்டு நிலங்களைக் குறித்த இடைவெளியில் எரித்தும், சிலவற்றைத் தீப்படாமலும் வைத்துப் பார்க்கிறார்கள். மழை கூடுதலான பகுதிகளில் தீப்படாத துண்டுகளில் மரமும் புதரும் அடர்ந்துவிட்டன.

காலமும் முக்கியம். தை மாதம் பனி ஈரம் இருக்கும், தீ தாழ்வாக, அங்கங்கே விட்டுவிட்டு எரியும். பங்குனியில் அதே புல் காற்றோடு சேர்ந்து காட்டையே கொளுத்திவிடும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடை முற்றும் முன்பே வைத்த 'தரகு பெங்கி' இப்படிப்பட்ட சருகுத் தீதான். 1974இல் அந்த மலை சரணாலயமானது. அந்தத் தீயும் நின்றுபோனது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி மண்டியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்கிறார்கள் அவர்கள். காட்டுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

உங்கள் சிக்கல் வேறு. உண்ணிப் புதரில் பற்றும் தீ குச்சி வழியே மரக்கிளை வரை ஏறும். வேரோ சாகாது, மழை வந்ததும் துளிர்க்கும்.

அதனால் முதலில் மண்வெட்டி. மழையில் மண் இளகியதும், காய் பழுக்கும் முன்பே, தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே மண்ணுக்குள் வெட்டுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் நாலு பக்கமும் கிளைக்கும். வெட்டியதை வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டால் காய்ந்துவிடும். பறவைகள் உட்காரும் மரத்தடியில் நாற்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும், வருடா வருடம் பிடுங்க வேண்டும். அப்புறம், நல்ல பாதியில் விளைந்த புல்விதையை வெற்றிடத்தில் தூவி, தூர் பிடிக்கும்வரை மாடு விடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டா நிலத்தில் வைத்த தீ காப்புக்காட்டுக்கு ஆபத்தானால், 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி வழக்கு வரும். புல் முழுக்க மூடியபின் தீ வேண்டுமென்று தோன்றினால் வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். அதுவரை தை மாதம் அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். பழைய தாள் நீங்கி, தூருக்கு வெளிச்சம் கிடைக்க அதுவே போதும்.