ஏஜென்ட் கையில் டிப்ளாய் உரிமை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏஐ ஏஜென்டிடம் ஒரு செர்வர்லெஸ் ஃபங்ஷன் (சர்வரை நாமே பராமரிக்காமல் கிளவுடில் ஓடும் சிறு நிரல்) எழுதச் சொன்னால், எழுதிய கையோடு கிளவுடில் ஏற்றியும், அதாவது டிப்ளாய் செய்தும், விடுகிறது. என் அக்கவுன்ட் சாவி அதற்கு எப்படிக் கிடைத்தது?

பதில்: சாவி ஏஜென்டிடம் இல்லை, நடுவில் இருக்கும் எம்சிபி சர்வரிடம் இருக்கிறது. ஏஐயை வெளி டூல்களோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைதான் எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால்). என்னிடம் இன்னின்ன டூல்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன விவரம் வேண்டும் என்று அந்த சர்வர் பட்டியல் கொடுக்கும். ஏஜென்ட் டிப்ளாய் டூலைக் கூப்பிட்டு ஃபங்ஷனின் பெயர், ஃபைல்கள், எந்த ஃபைலிலிருந்து தொடங்குவது என்பதையெல்லாம் ஜேசன் என்கிற தரவு வடிவத்தில் கொடுக்க, சர்வர் தன்னிடம் உள்ள டோக்கனை, அதாவது அந்தச் சாவியை, போட்டு கிளவுடின் ஏபிஐயை (நிரல்கள் கட்டளை அனுப்பும் வாசலை) அழைக்கும். அந்த டோக்கனுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு தூரம் ஏஜென்ட் போகலாம். 'ஜாக்கிரதையாக இரு' என்று ப்ராம்ப்டில் எழுதி வைப்பதெல்லாம் அப்புறம்தான். இன்னொன்று, டோக்கனை ப்ராஜெக்ட் ஃபோல்டரிலேயே ஒரு ஃபைலில் போட்டுவிட்டு ஏஜென்டுக்கு டெர்மினலையும் திறந்துவிட்டால், நான் மேலே சொன்ன முதல் வரிக்கு அர்த்தமே இல்லை. அது அந்த ஃபைலைப் படித்துக்கொள்ளும்.

கேள்வி: ஏஜென்ட் ஏற்றிய ஃபங்ஷன் முதலில் 401 (அழைப்பவர் யாரென்று உறுதியாகவில்லை என்ற பிழை) காட்டியது. சரிசெய் என்றேன், ஒரே நிமிடத்தில் ஓடியது. என்ன செய்தது என்று எனக்குப் புரியவில்லை.

பதில்: பெரும்பாலும் பூட்டைக் கழற்றியிருக்கும். உதாரணமாக சுபாபேஸ் என்கிற கிளவுட் சேவையின் எட்ஜ் ஃபங்ஷன்களில், அழைப்போடு வரும் ஜேடபிள்யூடி டோக்கன் (அழைப்பவர் யார் என்று காட்டும் அடையாளச் சீட்டு) செல்லுமா என்று பார்க்கும் ஏற்பாடு வழக்கமாகவே இயங்கும், அதை நிறுத்தவும் வழி உண்டு. நீங்கள் டோக்கன் இல்லாமல் அழைத்தீர்கள், அது 401 என்று திருப்பி அனுப்பியது, ஏஜென்டின் கண்ணில் அது தீர்க்க வேண்டிய பிழை, ஆகவே சரிபார்ப்பை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றிவிட்டது. 200, அதாவது வெற்றி, வந்தது, வேலை முடிந்தது என்று உங்களிடம் சொல்லியும் விட்டது! இப்போதே டோக்கன் ஹெடர் எதுவும் இல்லாமல் கர்ல் (டெர்மினலிலிருந்து இணைய முகவரியை அழைக்கும் கட்டளை) கொண்டு அந்த முகவரியைத் தட்டிப் பாருங்கள். பதில் வந்தால் உலகத்துக்கே கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். பேமென்ட் வெப்ஹுக் (பணம் வந்ததும் பேமென்ட் நிறுவனம் உங்கள் முகவரிக்குத் தானாக அனுப்பும் அழைப்பு) போன்றவற்றுக்குச் சரிபார்ப்பை நிறுத்தித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அனுப்புகிறவரிடம் உங்கள் ஜேடபிள்யூடி இருக்காது. ஆனால் அங்கே அழைப்போடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கோடுக்குள்ளேயே சோதிக்க வேண்டும். மற்ற இடங்களில் 'சரிசெய்' என்று மொட்டையாகச் சொல்லாமல், 'பயனரின் டோக்கனோடு அழைத்துச் சோதி' என்று சொல்லுங்கள்.

கேள்வி: புரொடக்‌ஷனுக்கு (பயனர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் தளத்துக்கு) நேரடியாக ஏற்ற விடலாமா?

பதில்: நான் விடமாட்டேன். அமேசானின் செர்வர்லெஸ் சேவையான ஏடபிள்யூஎஸ் லாம்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கோடை ஏற்றுவது ஒரு வேலை, அதை மாற்ற முடியாத ஒரு வெர்ஷனாக வெளியிடுவது இன்னொரு வேலை, 'லைவ்' என்கிற அலியாஸை (ஒரு வெர்ஷனைச் சுட்டும் பெயரை) அந்த வெர்ஷனுக்குத் திருப்புவது மூன்றாவது வேலை. முதல் இரண்டையும் ஏஜென்டுக்குக் கொடுங்கள், மூன்றாவது உங்கள் கையில் இருக்கட்டும். அதாவது ஏஜென்டின் ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி ஏற்பாடு) உரிமையில் அலியாஸை மாற்றும் அனுமதி இருக்கக் கூடாது. ஏதாவது கெட்டுப்போனால் அலியாஸைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்பினால் போதும், அந்த அவசரத்தில் யாரும் கோடைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் வெளி அழைப்புகளை ஃபங்ஷனுக்கு அனுப்பும் உங்கள் ஏபிஐ கேட்வே அலியாஸைப் பார்க்காமல் கடைசியாக ஏற்றிய கோடையே நேரே பார்த்துக்கொண்டிருந்தால் இத்தனையும் வீண், அதை முதலில் பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயமும் இருக்கிறது. ஒரு ஃபங்ஷனின் கோடை மாற்றும் உரிமையோடு அதை ஓட்டிப் பார்க்கும் உரிமையும் சேர்ந்தால், அந்த ஃபங்ஷனின் ரோல் (ஓடும்போது அதற்குள்ள அனுமதிகளின் தொகுப்பு) எதையெல்லாம் தொடுமோ அதையெல்லாம் ஏஜென்டும் தொடலாம். ரோலுக்கு வாடிக்கையாளர் டேட்டாபேஸ் எட்டினால் ஏஜென்டுக்கும் எட்டும், நீங்கள் டேட்டாபேஸ் டூலே கொடுக்கவில்லை என்றாலும். அதனால் சோதனைக்குத் தனி அக்கவுன்ட், முடியாவிட்டால் தனி ரோலோடு தனி ஃபங்ஷனாவது வேண்டும்.

கேள்வி: ஏற்றிய கோட் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடத்தில்) இல்லையே?

பதில்: இருக்காது, டூல் நேரே கிளவுடுக்கு அனுப்பிவிட்டது. அடுத்து இன்னொருவர் கிட்டிலிருந்து டிப்ளாய் செய்தால் ஏஜென்ட் செய்த திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். கமிட் ஆன, அதாவது கிட்டில் பதிவான, கோடை மட்டும் ஏற்றுகிற டூலாகக் கொடுங்கள்.

கேள்வி: டிப்ளாய் பாதியில் நிற்கிறது, ஏஜென்ட் திரும்பத் திரும்ப முயல்கிறது. ஏன்?

பதில்: லாம்டாவில் கோடைப் புதுப்பிப்பது பின்னணியில் நடக்கிற வேலை. ஏபிஐ 'சரி' என்று சொன்ன பிறகும் நிலை 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே கொஞ்ச நேரம் இருக்கும், அதற்குள் இன்னொரு மாற்றத்தை அனுப்பினால் மோதல் பிழை வரும். அதைப் பார்த்து ஏஜென்ட் பதறி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. நிலை 'வெற்றி' ஆகும்வரை டூலே காத்திருந்து, அதற்குப் பிறகு ஏஜென்டுக்குப் பதில் சொல்லும்படி எழுதினால் பாதித் தொல்லை தீரும். வெர்ஷன் வெளியிடும் படியை இரண்டு முறை அழைத்தாலும் பரவாயில்லை, கோடும் அமைப்பும் மாறவில்லை என்றால் லாம்டா புது வெர்ஷன் உண்டாக்காது.

கேள்வி: பில் எகிறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். லாம்டாவின் நேர வரம்பு நீங்கள் தொடாவிட்டால் 3 விநாடி, அதிகபட்சம் 15 நிமிடம். டைம்அவுட் பிழையைப் பார்த்ததும் காரணம் தேடாமல் வரம்பை 900 விநாடிக்கு ஏற்றிவிடுவது ஏஜென்டுக்கு ஒரு சுலப வழி. ஓடுகிற மில்லிவிநாடிக்கும் ஒதுக்கிய மெமரிக்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்பதால், தொங்கி நிற்கிற ஃபங்ஷனுக்கும் காசுதான். ஆகவே நேர வரம்பு போன்ற அமைப்பை மாற்றும் அனுமதியை டோக்கனிலிருந்து எடுத்துவிடுங்கள். ஃபங்ஷனுக்கு ரிசர்வ்டு கன்கரன்சி (ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் ஓடலாம் என்ற வரம்பு) என்று ஒரு சின்ன எண்ணும் வைத்துவிடுங்கள். எல்லை மீறிப் போகிறது என்று தெரிந்தால் அதையே 0 ஆக்கினால் புதிய அழைப்பு எதுவும் உள்ளே வராது.