நீர்க்கால் ஓரத்து மரம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். என் தமிழ் வேதாகமத்தில் முதலாம் சங்கீதத்தின் ஓரத்தில் ஒரு மரம் வரைந்தேன். இலைகளுக்கு வாட்டர்கலர், கோடுகளுக்கு ஸ்கெட்ச் பேனா. காய்ந்த பிறகு தாள் அப்பளம்போல நெளிந்துவிட்டது. பச்சை நிறம் பின்பக்கம் இறங்கி 3ஆம் சங்கீதத்தின்மேல் கறையாக நிற்கிறது. வரைவதற்கு முன் தாளில் தடவும் அடிப்பூச்சான ஜெஸ்ஸோவைப் பூசிவிட்டு வரைந்தால் இப்படி ஆகாது என்கிறார்கள். பூசலாமா? அம்மா வேறு, "வேத புஸ்தகத்துல போய் கிறுக்கலாமா?" என்று வருத்தப்படுகிறார்கள்.

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

நீங்கள் வரைந்ததில் தப்பில்லை, தாளுக்கு ஒவ்வாததைக் கொண்டு வரைந்ததுதான் சிக்கல். வேதாகமத் தாள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 30 முதல் 40 கிராம் எடைதான் இருக்கும். ஜெராக்ஸ் தாள் 70, 80 கிராம். வாட்டர்கலருக்கென்றே விற்கும் நல்ல தாள் 300 கிராம். ஈரம் பட்டதும் தாளின் நார்கள் உப்பி விரிகின்றன. ஒரு பக்கம் தையலில் கட்டுண்டு கிடப்பதால் தாள் சீராக விரிய முடியாமல் நெளிகிறது. ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது தண்ணீரில் கரைந்த சாயம். அது நார் வழியாகவே மறுபக்கம் போய்விடும். பெர்மனென்ட் மார்க்கர் இன்னும் மோசம், ஆல்கஹால் நொடியில் ஊடுருவும். நிறமித் துகள் கலந்த மையோ மேலேயே தங்கும். பிக்மா மைக்ரான் போன்ற பேனாக்களைத் தேடுவது அதனால்தான்.

வரைந்தது பின்பக்கம் நிழலாகத் தெரிவது வேறு, மை ஊறி இறங்குவது வேறு. இந்தத் தாளில் நிழல் தெரியத்தான் செய்யும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஊறுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே சோதியுங்கள். அட்டையை ஒட்டிய வெற்றுத்தாளில் சோதிக்காதீர்கள், அது வேறு தாள், தடிமன் அதிகம். அட்டவணைப் பக்கத்தின் மூலையில் ஒரு சிறு கோடு போட்டு, பேனா முனையை மூன்று நொடி ஊன்றி ஒரு புள்ளியும் வையுங்கள். மறுநாள் திருப்பிப் பாருங்கள். சில மைகள் மெதுவாகத்தான் இறங்கும்.

தமிழ் வேதாகமத்துக்கு நான் முதலில் சொல்வது கலர் பென்சில். தாளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வையுங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் அடுத்த நாலு தாளில் பள்ளமாகப் பதியும். முனையைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டு, சின்னச் சின்ன வட்டமாக மூன்று நாலு தடவை லேசாகத் தேய்த்தால் நிறம் ஏறும். ஒரே அழுத்தில் ஏற்றப் பார்த்தால் தாள் கிழியும். எழுத்தின்மேல் மஞ்சளும் இளம்பச்சையும் பரவாயில்லை, அடர்நீலம் வசனத்தை மறைத்துவிடும். ஆயில் பேஸ்டல் வேண்டவே வேண்டாம். அதன் எண்ணெய் நாளாக ஆகப் பரவும், எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும்.

ஜெஸ்ஸோ பூசலாம், ஆனால் நிறமற்றதாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை ஜெஸ்ஸோ வசனத்தையே மூடிவிடும். பக்கத்துக்கு அடியில் பட்டர் பேப்பர் வைத்து, கால் டீஸ்பூன் அளவு எடுத்து, பழைய ஏடிஎம் கார்டால் தையல் பக்கமிருந்து வெளிப்பக்கமாக வழித்து இழுங்கள். தண்ணீர் கலக்கக் கூடாது, கலந்தால் திரும்பவும் அதே நெளிவு. அரை மணி நேரத்தில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். அதை நம்பிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அது அக்ரிலிக் பசை. நம் ஊர்ப் புழுக்கத்தில் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தோடு உரிந்து வரும். ஓர் இரவு திறந்தே இருக்கட்டும், பிறகு நடுவே பட்டர் பேப்பர் வைத்து மூடுங்கள். பூசிய பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் கலர் பென்சில் நன்றாகப் பிடிக்கும். மெல்லிய பேனா முனை மட்டும் சீக்கிரம் தேயும். பூசிய ஒவ்வொரு தாளும் தடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐம்பது பக்கம் பூசினால் முதுகு விரியத் தொடங்கும். ஆகவே தினமும் வாசிக்கும் வேதாகமத்தில் ஜெஸ்ஸோ வேண்டாம் என்பதே என் கருத்து.

வாட்டர்கலர்தான் பிடிக்குமென்றால் தனித்தாளில் வரைந்து ஒட்டுங்கள். 120 கிராம் தாளை மூன்று பக்கமும் அரை சென்டிமீட்டர் சிறிதாக வெட்டி, கொஞ்சமாக ஈரம் காட்டி வரைந்து, காயவைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள் அழுத்துங்கள். பிறகு தையலிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் தள்ளி, ஒல்லியான டபுள் சைட் டேப்பால் ஒரு விளிம்பை மட்டும் ஒட்டினால் கதவுபோலத் திறந்து வசனத்தை வாசிக்கலாம். ஃபெவிகால் ஈரமானது, நெளியவைக்கும். செலோடேப் சில வருடங்களில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

இனி அந்த மரம். பாக்கியவான் "நீர்க்கால்களின் ஓரமாய் நடப்பட்டு, தன் காலத்தில் தன் கனியைத் தந்து" நிற்கும் மரத்தைப்போல் இருப்பான் என்கிறது மூன்றாம் வசனம். வரைவதற்கு முன் அதன் சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே ஆறு இல்லை, "நீர்க்கால்கள்" இருக்கின்றன. எபிரெய மூலச்சொல்லும் பிளத்தல், பிரித்தல் என்ற வேரிலிருந்து வந்தது: பிரித்துவிடப்பட்ட வாய்க்கால். மரமும் தானாக முளைத்ததல்ல, "நடப்பட்டு" நிற்பது. ஆக, அகன்ற நதிக்கரையை வரைவதைவிட, இரண்டு மூன்று நேரான வாய்க்கால்களைக் கீழ் ஓரத்தில் ஓடவிட்டால் வசனத்துக்கு நெருங்கி வருவீர்கள். வெளி ஓரத்தில் அடிமரம் ஏறட்டும், மேல் ஓரத்தில் கிளைகள் பரவட்டும். ஒரு சென்டிமீட்டர் ஓரமே இதற்குப் போதும். "தன் காலத்தில்" என்பதற்காக எல்லாக் கிளையிலும் பழம் வேண்டாம். ஒன்றில் பூ, ஒன்றில் பிஞ்சு, ஒன்றில் கனி. நாலாம் வசனத்தில் காற்றில் பறக்கும் பதருக்கு வெளிர்பழுப்புப் பென்சிலால் தாளின் விளிம்பை நோக்கிச் சிதறும் சில கீற்றுகள் போதும்.

ஓரத்தில் வசனம் எழுதினால் எழுத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காதீர்கள். ஆங்கிலத்தில் அது எடுபடும். நமக்குக் கொம்பும் காலும் இரு பக்கமும் நிற்பதால் வாசிக்க வராது. புத்தகத்தையே பக்கவாட்டில் திருப்பி, ஒரே வரியாக 0.2 மில்லிமீட்டர் முனையால் எழுதுங்கள். அதைவிடத் தடித்த முனையில் ணகர, னகரச் சுழிகள் அடைந்துபோகும்.

அம்மாவின் வருத்தத்தை ஒதுக்கித் தள்ளாதீர்கள். வசனம் வாசிக்க முடியாமல் போனதுதான் அவர்களை உறுத்தியிருக்கும், அது நியாயம். டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் சுவிசேஷச் சுவடி ஏறத்தாழ 800ஆம் ஆண்டைச் சேர்ந்தது; துறவிகள் சுவிசேஷத்துக்குள்ளேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தது கன்றுத்தோல். வரைவதற்கென்று இன்னொரு வேதாகமம் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவும் நிம்மதியாக இருப்பார்கள்.

நெளிந்த தாளை இரு பக்கமும் மை உறிஞ்சும் தாள் வைத்து மூடி, கனம் ஏற்றி மூன்று நாள் விடுங்கள். முழுக்கச் சமனாகாது, ஆனால் அடங்கும். நனைத்து நீவப் பார்க்காதீர்கள், ஸ்கெட்ச் மை மறுபடி ஓடும். பின்பக்கத்துப் பச்சைக் கறையை அழிக்கவோ வெள்ளை அடிக்கவோ வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போகும். 3ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தில் "கேடகம்" இருக்கிறது. கறையின் விளிம்பைச் சுற்றி, அடியில் அட்டை வைத்து, பழுப்புப் பென்சிலால் ஒரு கேடகத்தின் வளைவை லேசாக வரைந்து பாருங்கள்.