குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்: சிஸ்டரிடம் கேளுங்கள்

(அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வு பெற்ற தலைமைச் செவிலியர் பதிலளிக்கிறார்.)

சிஸ்டர், ஒன்றரை வயது மகனுக்கு நேற்றிலிருந்து பேதி. ஓ.ஆர்.எஸ். (உப்பு, குளுக்கோஸ் கரைசல்) கொடுத்தால் உடனே கக்கிவிடுகிறான். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. தம்ளரோடு கொடுத்திருப்பீர்கள், தாகத்தில் மடமடவென்று குடித்திருப்பான். வாந்தி எடுத்தபின் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு டீஸ்பூனால், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை. கை கடுக்கும், அவன் அப்பாவிடம் ஸ்பூனைக் கொடுங்கள். ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மில்லி உள்ளே போக வேண்டும். கூடவே மருத்துவரிடம் கேட்டுத் துத்தநாக (ஜிங்க்) மருந்து, தினமும் 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றதும் பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிடாதீர்கள். தாய்ப்பாலும் ரசம் சாதமும் வழக்கம்போல.

அழுதால் கண்ணீர் இல்லை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கிள்ளிவிட்ட வயிற்றுத் தோல் மெதுவாகப் படிகிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறான்: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனை.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பொட்டலத்தைப் பிரித்துப் பாதி பாதியாகக் கரைக்காதீர்கள்.

ட்ரிப் ஏற்றினால் சீக்கிரம் தெளிவான் அல்லவா?

குடிக்க முடிகிற குழந்தைக்கு ஊசி எதற்கு? 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ் அகதி முகாமில் காலரா. ட்ரிப்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ் கரைசலைப் பீப்பாய்களில் வைத்தார். ஆள் போதாமல் நோயாளிகளின் உறவினர்களே ஊற்றிக் கொடுத்தார்கள். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காலராவுக்கே அது போதுமாக இருந்தது.

அட்டைப் பெட்டியில் ஆரஞ்சு சுவையில் வரும் பானத்தைக் கொடுக்கலாமா?

கூடாது. அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம், பேதி கூடும். உலக சுகாதார நிறுவன அளவுக்கு ஒத்துவராத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

அரைப் பொட்டலத்தை அரை லிட்டரில் கரைக்கலாமா?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

தொக்கம் எடுத்தால், அதாவது உள்ளே சிக்கிய உணவைத் தொண்டை வழியே உறிஞ்சி எடுத்தால், ஒரே நாளில் பேதி நிற்கும் என்கிறார் மாமியார்.

எடுக்காதீர்கள். உணவு மூச்சுக்குழலில் சிக்கினால் குழந்தை திணறும், நீலம் பாயும், பேதியாகாது. குடலில் இருப்பது தொண்டை வழியே உறிஞ்சினால் வராது.

என் மகளுக்கு எடுத்தோம், மறுநாளே நின்றது. கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறீர்களா?

நின்றதைப் பொய் என்று சொல்லவில்லை தம்பி. வைரஸ் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். முதல் நாள் யாரும் தொக்கத்துக்குப் போவதில்லை; நாலாம் நாள் போகிறீர்கள், ஐந்தாம் நாள் நிற்கிறது. பெயர் தொக்கம் எடுத்த அம்மாளுக்கு.

பாட்டிமார்கள் ஒன்றும் தெரியாதவர்களா?

அப்படி எங்கே சொன்னேன்? உச்சிக்குழி அமுங்கியிருப்பதை முதலில் தொட்டுப் பார்த்துச் சொல்வது பாட்டிதான். உடலில் நீர் வற்றியதற்கு அது சரியான அறிகுறி. பார்த்தபின் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம்தான் மாறிவிடுகிறது. இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

காய்ச்சலுக்கு அண்ணன் மகனின் பாராசிட்டமால் இருக்கிறது. அதே ஐந்து மில்லி கொடுக்கலாமா?

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250. எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நாலு முறைக்கு மிகாமல். பத்துக் கிலோக் குழந்தைக்குச் சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் மூன்று மடங்குக்கும் மேல். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

முதுகில் தேமல் மாதிரி இருக்கிறது.

தோல் மருத்துவர்.

ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாலில் கலக்கலாமா?

தண்ணீர். தண்ணீர் மட்டும். முழுப் பொட்டலம்.

ஆறு வாரக் குழந்தை. காய்ச்சல் 101. மருந்து கொடுத்துக் காலை வரை பார்க்கலாமா?

கூடாது. மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி வந்தாலே மருத்துவமனைதான். பாலைக் கொடுத்துக்கொண்டே இப்போதே கிளம்புங்கள்.