ரிப்போர்ட்டில் இருப்பது எலி

கேள்வி: அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் சிறுகுறிஞ்சான் இலைப்பொடி கேப்சூல் தருகிறார், லேப் ரிப்போர்ட்டும் காட்டுகிறார். மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். முதலில் அந்த ரிப்போர்ட்டை உட்கார்ந்து படியுங்கள். என்னிடம் இப்படி வருகிற பல காகிதங்கள் ஈயம், பாதரசம், கிருமி இருக்கிறதா என்று பார்த்தவை. சர்க்கரை குறைகிறதா என்று அதில் யாருமே பார்க்கவில்லை.

இல்லையென்றால் எலி. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்து, சர்க்கரை ஏறியதும் இலைச்சாரத்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, சில வாரத்தில் குறைந்தது என்று எழுதிவிடுவார்கள். ஊசியால் திடீரென்று வந்த சர்க்கரை வேறு, அப்பாவின் 12 வருடச் சர்க்கரை வேறு. எலியோடு நிற்கிற கட்டுரைகள் குவிகின்றன, மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதிக்கத்தான் காசும் இல்லை, அக்கறையும் இல்லை.

சிறுகுறிஞ்சானை மனிதர்களிடம் பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் செய்த ஓர் ஆய்வு 1990-இல் வெளியானது. 22 பேருக்கு, வழக்கமான மாத்திரையோடு, தினமும் 400 மில்லிகிராம் சாரம், 18 முதல் 20 மாதம். 5 பேரால் மாத்திரையை விட முடிந்தது. ஏஜென்ட் பேசுவது இந்த 5 பேரைப் பற்றி, மீதி 17 பேர் அவர் வாயில் வரவே மாட்டார்கள். அதுவும் இலையிலிருந்து பிரித்தெடுத்த சாரம், உங்கள் கேப்சூலில் இருப்பதோ வெறும் பொடி. மருந்து எது, வெற்றுக் கேப்சூல் எது என்று தெரியாமல் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வும் இல்லை அது.

இலையை மென்றுவிட்டுச் சீனியைப் போட்டால் மண் மாதிரி இருக்கும், அதைக் காட்டியே 'பாருங்கள், சர்க்கரையைக் கொல்கிறது' என்பார்கள். அது நாக்கில் நடக்கிற வேலை, கணையத்துக்கு அதில் பங்கில்லை.

நான் பயப்படுவது கலப்படத்துக்கு. ஒரு வாரத்தில் மடமடவென்று சர்க்கரை இறங்கினால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். இந்த மாதிரிப் பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை மருந்து கலந்து பிடிபட்டிருக்கிறது. கிளிமிபிரைடும் அதே வகை மருந்து. இரண்டும் சேர்ந்தால் ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்துவிடலாம். சர்க்கரை நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதே 1954 சட்டப்படி குற்றம், பஸ் ஸ்டாண்டு சுவரைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது?

அப்பா பிடிவாதம் பிடித்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, மாத்திரையைத் தொடாமல், இப்போது ஒரு ஹெச்பிஏ1சி (சுமார் 3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), 3 மாதம் கழித்து இன்னொன்று எடுங்கள். நடுவில் வியர்த்துக் கை நடுங்கினால் உடனே சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி, போகும்போது அந்த டப்பாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.